கேளுங்கள், சொல்கிறோம்: போ ஜாக்சன் சிறப்புப் பக்கம்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, பேஸ்பாலையும் அமெரிக்கன் ஃபுட்பாலையும் ஒரே காலத்தில் தொழில்முறையில் ஆடிய போ ஜாக்சனைப் பற்றி ஒற்றை வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழ்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டன.

● 'போ' என்பது என்ன பெயர்? முழுப்பெயர் உண்டா? (கோவில்பட்டி வாசகர்)

உண்டு. வின்சென்ட் எட்வர்ட் ஜாக்சன். 1962 நவம்பர் 30 அன்று அலபாமா மாநிலத்தின் பெஸ்ஸமர் ஊரில், பத்துப் பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தவர். அம்மாவுக்குப் பிடித்த தொலைக்காட்சி நடிகர் வின்ஸ் எட்வர்ட்ஸின் பெயரை வைத்தார்கள். சிறு வயதில் பையனின் முரட்டுத்தனம் தாங்காமல் வீட்டார் காட்டுப்பன்றியோடு ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் ஆண் பன்றிக்கு 'போர்' என்று பெயர். அது தேய்ந்து 'போ' ஆகி ஒட்டிக்கொண்டது.

பள்ளியின் கடைசி ஆண்டில் 25 பேஸ்பால் ஆட்டங்களில் 20 ஹோம் ரன் (நம் சிக்சர் போல வேலிக்கு அப்பால் போகும் அடி) அடித்தார். தடகளத்தில் பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் மாநிலச் சாம்பியன், அதுவும் இரண்டு முறை. 1982-ல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றிலேயே அவரை எடுத்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஃபுட்பால் உதவித்தொகையில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெரிய பணத்துக்கு மறுப்புச் சொன்னது அது முதல் முறை. அடுத்தது இன்னும் பெரிது.

● 1986-ல் ஃபுட்பால் டிராஃப்டின் முதல் ஆளாகத் தேர்வாகியும் சேராமல் போனாராமே? புத்தி கெட்டுப் போயிற்றா? (திருச்சி வாசகர்)

கேட்டவரின் கோபம் புரிகிறது. ஆனால் கணக்கு அப்படி இல்லை.

டிராஃப்ட் என்பது ஏலம் அல்ல. முந்தைய ஆண்டில் கடைசி இடத்தில் நின்ற அணி முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும். தேர்வான வீரர் அந்த அணியோடு மட்டுமே ஒப்பந்தம் பேச முடியும். 1985-ன் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை ஜாக்சன் கையில் இருந்தது. அந்தப் பருவத்தில் மட்டும் பந்தோடு 1,786 யார்டு ஓடியிருந்தார். அதனால் கடைசி இடத்தில் இருந்த டாம்பா பே பக்கனீர்ஸ் அவரைத்தான் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கோளாறு டிராஃப்டுக்கு முன்பே நடந்தது. 1986 வசந்தத்தில், கல்லூரியின் பேஸ்பால் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, டாம்பா உரிமையாளர் ஹியூ கல்வர்ஹவுஸ் தன் சொந்த விமானத்தில் ஜாக்சனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். கேட்டு உறுதி செய்தாயிற்று, விதிமீறல் இல்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. ஆனால் ஆபர்ன் ஆடிய கல்லூரிக் கூட்டமைப்பின் விதி வேறு. எந்த விளையாட்டின் தொழில்முறை அணியிடமிருந்தும் ஒரு சலுகை பெற்றுவிட்டால், கல்லூரிக்காக எந்த விளையாட்டும் ஆட முடியாது. திரும்பி வந்தவரிடம் இனி மட்டையைத் தொடக்கூடாது என்றார்கள். முந்தைய ஆண்டில் .401 சராசரியும் (பத்து முறை மட்டை பிடித்தால் நாலு ஹிட்) 17 ஹோம் ரன்னும் வைத்திருந்தவருக்குக் கல்லூரிப் பேஸ்பால் அன்றோடு சரி. தன்னைப் பேஸ்பாலிலிருந்து பிரிக்க வேண்டுமென்றே செய்த வேலை இது என்று ஜாக்சன் நம்பினார். நீங்கள் என்னை எடுத்தால் ஒரு தேர்வை வீணடிக்கிறீர்கள் என்று சொல்லியும் வைத்தார். டாம்பா எடுத்தது, வீணடித்தது.

டாம்பா பேசிய தொகை ஐந்து ஆண்டுக்கு சுமார் 76 லட்சம் டாலர். அதை விட்டுவிட்டு, பேஸ்பாலில் நான்காம் சுற்றில் எடுத்த கான்சாஸ் சிட்டி ராயல்ஸோடு மூன்று ஆண்டுக்கு 10 லட்சத்துச் சொச்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். ஓராண்டு கையெழுத்திடாமல் இருந்தால் டாம்பாவின் உரிமை தீர்ந்து பெயர் மறுபடி டிராஃப்டுக்கு வரும். 1987-ல் வந்தது. இவர் இனி ஃபுட்பால் பக்கம் வரமாட்டார் என்று எல்லோரும் ஒதுங்கி நிற்க, லாஸ் ஏஞ்சல்ஸ் ரெய்டர்ஸ் ஏழாம் சுற்றில், 183-வது ஆளாக எடுத்தது. அதன் உரிமையாளர் ஆல் டேவிஸ் நிபந்தனையைத் திருப்பிப் போட்டார்: பேஸ்பால் பருவம் முழுக்க ஆடிவிட்டு வா, மீதிக்கு எங்களிடம் ஆடு. ஐந்து ஆண்டுக்கு சுமார் 74 லட்சம். டாம்பா சொன்ன தொகைக்கு ஏறக்குறைய அதே பணம், பேஸ்பாலும் கையை விட்டுப் போகவில்லை. புத்தி கெட்டவர் செய்கிற பேரமா இது?

● இரண்டு பருவமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதா? (ஈரோடு வாசகி)

ஏறும். அவர் ஆடிய காலத்தில் பேஸ்பால் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை 162 ஆட்டம். ஃபுட்பால் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை 16 ஆட்டம், அதன் பிறகு நாக் அவுட். ஆக செப்டம்பர் முழுக்க இரண்டும் மோதும். ஒவ்வோர் ஆண்டும் ஃபுட்பாலின் முதல் ஐந்தாறு வாரங்களையாவது ஜாக்சன் விட்டுவிட்டார். ஜூலை, ஆகஸ்டில் நடக்கும் பயிற்சி முகாமும் கிடையாது. பேஸ்பால் முடிந்த சில நாட்களில் வந்து, ஆட்டத் திட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்து, நேரே களத்தில் இறங்குவார்.

நான்கு பருவத்தில் அவர் ஆடியவை முறையே 7, 10, 11, 10 ஆட்டங்கள். மொத்தம் 38. ஒரு பருவத்தைக்கூட முழுதாக ஆடவில்லை. 515 முறை பந்தைச் சுமந்து 2,782 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு 5.4 யார்டு. நாலுக்கு மேல் போனாலே நல்ல ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் வீரர்) என்பார்கள். களைப்பில்லாத கால்களோடு பாதிப் பருவத்தில் வந்தவர் என்ற சலுகையையும் இதில் கழித்துப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் அதைக் கழிப்பதில்லை.

ஃபுட்பால் எனக்குப் பொழுதுபோக்கு என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை இரண்டு அணியிலும் பலரைக் குத்தியது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

● அவர் ஆடியதில் ஒரே ஒரு காட்சி பார்க்க வேண்டுமென்றால் எது? (புதுச்சேரி வாசகர்)

எல்லோரும் 1987 நவம்பர் 30, சியாட்டில் ஆட்டத்தைச் சொல்வார்கள். அன்று அவருக்கு 25-வது பிறந்த நாள். 18 ஓட்டத்தில் 221 யார்டு. அதில் ஒன்று 91 யார்டு. இடது ஓரமாகக் கிளம்பி, எல்லைக்கோட்டைத் தாண்டியும் வேகம் குறையாமல் அரங்கின் சுரங்க வழிக்குள் போய் மறைந்தார். இன்னொன்றில், கோட்டருகே மறித்து நின்ற சியாட்டில் வீரர் பிரையன் பாஸ்வொர்த்தை நெஞ்சோடு தள்ளிக்கொண்டே உள்ளே போனார்.

எங்கள் ஓட்டு அதற்கில்லை. அதே கிங்டோம் அரங்கு, 1989 ஜூன் 5, பேஸ்பால். பத்தாவது இன்னிங்ஸ், ஆட்டம் சமநிலை. முதல் பேஸில் நிற்பவர் எதிரணியின் ஹெரால்ட் ரெனால்ட்ஸ், வேகக்காரர். பந்து வீசும் பிட்சர் கை ஓங்கியதுமே ஓடத் தொடங்கிவிட்டார். அடித்த பந்து இடது மூலைச் சுவரோரம் போகிறது. வழக்கமாக அங்கே பந்தை எடுப்பவர் நடுவில் நிற்கும் ஆளுக்கு எறிவார், அவர் திரும்பி, ஓடுபவர் தொட்டால் ரன் ஆகும் ஹோம் பிளேட்டுக்கு எறிவார். ஜாக்சன் பந்தை எடுத்தார். ஓட்டமில்லை, எட்டு வைக்கவில்லை, நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பி ஒரே எறி. சுமார் 300 அடி. தரையில் ஒரு தட்டுகூடத் தட்டாமல் கேட்சர் பாப் பூனின் கையுறையில் விழுந்தது. ரெனால்ட்ஸ் அவுட். காணொளியில் ரெனால்ட்ஸின் முகத்தைக் கவனியுங்கள். பந்து அங்கே எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

முன்னதற்குப் பின்னால் வழி திறந்துவிடும் ஐந்து தடுப்பாளர்கள் இருக்கிறார்கள். பின்னது தோள் மட்டும்.

● உண்மையைச் சொல்லுங்கள், பேஸ்பாலில் அவர் அவ்வளவு நல்ல பேட்டரா? (மதுரை வாசகர்)

இல்லை. ஆகிக்கொண்டிருந்தார்.

694 ஆட்டம், 141 ஹோம் ரன், சராசரி .250, அதாவது நாலு முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று பந்தைத் தவறவிட்டு வெளியேறுவது) 841. ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு முறை பந்தைத் தொடாமலே திரும்பினார். 1989-ல் 32 ஹோம் ரன் அடித்த அதே பருவத்தில் 172 ஸ்ட்ரைக் அவுட். அமெரிக்கன் லீக்கில் அந்த ஆண்டு அதுதான் அதிகம். கோபத்தில் மட்டையைத் தொடையில் வைத்து விறகு போல ஒடிப்பார். கூட்டம் கைதட்டும். ஆனால் அது மூன்று பந்தைத் தவறவிட்டவரின் கோபம்.

காரணம் பயிற்சிக் குறைவு. பெரிய லீக்குக்கு வருமுன் கீழ்மட்ட அணிகளில் பலர் இரண்டு மூன்று ஆண்டு ஊறுவார்கள். ஜாக்சன் மெம்பிஸில் ஆடியது 53 ஆட்டம். வேகப்பந்து அவருக்குப் பிரச்சினையே இல்லை. கடைசி நேரத்தில் வெளிப்பக்கமாகத் தாழ்ந்து விழும் வளைபந்தை விட்டுவிடத் தெரிய வேண்டும். அது ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு வரும் பழக்கம். மற்றவர்கள் குளிர்காலத்தில் அதற்காக வலைக்குள் நின்றபோது இவர் ஹெல்மெட் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்டத்துக்கான விலை இங்கேதான் தெரிகிறது. 1990-ல் சராசரி .272-க்கு ஏறியது. கண் பழகத் தொடங்கிய நேரத்தில் இடுப்பு போயிற்று.

● 'போ நோஸ்' ('போவுக்குத் தெரியும்') விளம்பரம் எப்போது வந்தது? (சென்னை வாசகி)

1989 ஜூலை 11, சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து மோதவிடும் ஆல் ஸ்டார் பேஸ்பால் ஆட்டம் அனஹெய்மில் நடந்தபோது. பல விளையாட்டுக்கும் ஒரே ஷூ என்று நைக்கி விற்ற கிராஸ் டிரெய்னருக்கான விளம்பரம் அது. அன்று முதல் இன்னிங்ஸில் ராயல்ஸ் வீரராக இறங்கிய ஜாக்சன், ரிக் ரூஷல் வீசிய பந்தை நடுமைதானத்துக்கு அப்பால் 448 அடிக்கு அனுப்பினார். வர்ணனை அறையில் விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் முன்னாள் அதிபர் ரீகன். ஆட்ட நாயகனும் ஜாக்சன்தான். விளம்பரக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

● அவரது இடுப்புக்கு என்னதான் ஆனது? ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் சாதாரண டேக்கிள்தான் என்கிறார்கள். அப்படி ஒரு விழுகையில் ஒருவரின் தொழிலே முடியுமா? (எலும்பு நோயாளி ஒருவர், சேலம்)

முடியும். கேள்வி கேட்டவருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

1991 ஜனவரி 13, லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம், சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான நாக் அவுட் ஆட்டம். வலது ஓரமாக 34 யார்டு ஓடிய ஜாக்சனைப் பின்னாலிருந்து கெவின் வாக்கர் காலைப் பிடித்து இழுத்தார். இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. உடம்பு முன்னே போய்க்கொண்டிருந்தது. பிடிபட்ட கால் நகரவில்லை. அந்த விசை முழுக்கத் தொடை எலும்பு வழியாக ஏறி இடுப்பு மூட்டில் இறங்கியது. பலவீனமான கால் என்றால் முன்பே வழுக்கி விட்டுக்கொடுத்திருக்கும். அவ்வளவு வலுவான கால் என்பதாலேயே விசை மூட்டுவரை போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு.

இடுப்பு மூட்டு ஒரு குழிக்குள் உட்கார்ந்த பந்து. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் ஆழமாக இருக்கும். ஜாக்சனுக்கு அந்தத் தலை கிண்ணத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு நழுவியது. விலகியதைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டதாக அவர் சொன்னார். எழுந்து நின்றார், ஓரத்துக்கு நடத்திக் கூட்டி வந்தார்கள். பார்த்தவர்கள் சுளுக்கு என்றே நினைத்தார்கள்.

கெட்டது எலும்பில் இல்லை, ரத்தத்தில். தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் போவது, எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஏறும் சில மெல்லிய குழாய்கள் வழியாக. தலை நழுவும்போது அவை இழுபட்டு முறுகும், சில அறுந்தே போகும். மாற்றுப் பாதை மிகக் குறைவு. ரத்தம் நின்றால் எலும்பின் உயிரணுக்கள் மடிகின்றன. மருத்துவர்கள் இதை அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்கிறார்கள். மடிந்த எலும்பு உடனே நொறுங்காது. பல மாதம் பழைய உருவத்திலேயே நிற்கும், சாதாரண எக்ஸ்ரேயில் நல்ல எலும்பு போலவே தெரியும். பிறகு உடம்பின் பாரம் தாங்காமல் உருண்டை தட்டையாகும், மேலிருக்கும் குருத்தெலும்பு கழன்று தேயும், எலும்போடு எலும்பு உரசும்.

இந்த விபத்து நம் ஊரில் ஃபுட்பால் மைதானத்தில் நடப்பதில்லை, சாலையில் நடக்கிறது. மோதலில் காரின் முன்பலகையில் முழங்கால் இடித்தால் இடுப்பு பின்பக்கமாக விலகும். கால் குட்டையாகி, உள்பக்கம் திரும்பி நிற்பது அடையாளம். விலகிய மூட்டு எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறதோ அவ்வளவு எலும்பு சாகும். ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்காக வழியில் யாரையும் இழுக்கவோ கட்டுப் போடவோ விடக்கூடாது. உடைந்த விளிம்பின் துண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்துத் தசையைத் தளர்த்தி வைத்து, பிறகு சி.டி. எடுத்துத் துண்டு ஏதும் சிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் சில மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுங்கள். ஆரம்ப நிலையை அதுதான் காட்டும். இடுப்பில் வலிக்கும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு வலி தொடை இடுக்கிலும் முழங்காலிலும்தான் தெரியும்.

2019 நவம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்தின் டுவா டகோவைலோவாவுக்கு இதே மாதிரி மூட்டு விலகி விளிம்பு உடைந்தது. அன்றே மூட்டை உள்ளே வைத்து, இரண்டு நாளில் அறுவை சிகிச்சை செய்து, பல மாதம் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தார்கள். அடுத்த ஆண்டே தொழில்முறையில் இறங்கிவிட்டார். ரத்த ஓட்டம் தப்பியது. ஜாக்சனுக்கு அது தப்பவில்லை.

● செயற்கை மூட்டோடு எப்படி ஆடினார்? (நாகர்கோவில் வாசகர்)

ராயல்ஸ் 1991 மார்ச்சில் அவரை விடுவித்தது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் எடுத்துக்கொண்டது. அந்த செப்டம்பரில் நொண்டிக்கொண்டே 23 ஆட்டம் ஆடினார். 1992 ஏப்ரலில் மூட்டு மாற்றினார்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டு, அதன் நுனியில் உருண்டை, கிண்ணத்தில் புது உறை. வயதானவர் நடப்பதற்கென்று உருவான அமைப்பு அது. ஓடும்போதும் குதிக்கும்போதும் மூட்டில் விழும் பாரம் உடல் எடையின் பல மடங்கு. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் உறை தேய்ந்து உதிரும் துகள்கள் சுற்றியுள்ள எலும்பையே அரித்துத் தண்டைத் தளர்த்திவிடும். ஃபுட்பால் அத்தோடு முடிந்தது.

1992 முழுக்க உடற்பயிற்சிதான். அம்மாவுக்காக ஒரு ஹோம் ரன் அடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை. 1993 ஏப்ரல் 9, சிகாகோவில் யாங்கீஸுக்கு எதிராக மாற்று பேட்டராக இறங்கிய முதல் முறையே பந்து வேலிக்கு அப்பால் போயிற்று. அந்தப் பந்தை அம்மா நினைவாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பருவத்தில் 16 ஹோம் ரன். ஆனால் பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) கணக்கைப் பாருங்கள்: 1988-ல் 27, 1989-ல் 26, 1993-ல் பூஜ்யம். கை அப்படியே இருந்தது, கால் இல்லை. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு 13 ஹோம் ரன், சராசரி .279. வீரர்கள் வேலைநிறுத்தத்தில் அந்தப் பருவம் ஆகஸ்டிலேயே நின்றது. ஜாக்சன் திரும்பி வரவில்லை. 1995-ல் ஆபர்னில் பாக்கியிருந்த பட்டத்தை முடித்தார். அதுவும் அம்மாவிடம் சொன்ன சொல்தான்.

● டியான் சாண்டர்ஸா, ஜாக்சனா? (திண்டுக்கல் வாசகர்)

இருவருமே இரண்டு விளையாட்டும் தொழில்முறையில் ஆடியவர்கள். சாதனைப் பட்டியல் என்றால் சாண்டர்ஸ். பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸிலும் ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலும் ஆடிய ஒரே ஆள் அவர். இரண்டு விளையாட்டிலும் ஆல் ஸ்டார் தேர்வு என்றால் ஜாக்சன். அதை முதலில் செய்தவர் அவர்தான். டிக்கெட் வாங்கிப் பார்ப்பது என்றால் நாங்கள் ஜாக்சனுக்கு வாங்குவோம்.

● நம்மிடம் இப்படி யாரும் இல்லையா? (சென்னை, திருவல்லிக்கேணி வாசகர்)

பணம் வாங்காத காலத்தில் இருந்தார், உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே ஆடினார். எம்.ஜே. கோபாலன். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட், அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து, 1935-ல் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணமும் ஒரே கோடையில் வந்தன. கிரிக்கெட்டோடு போனார். ஒரு டெஸ்டிலும் இறக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. ஜாக்சனுக்கு மோதியது ஒரு மாதம். கோபாலனுக்கு ஒரு கோடை முழுக்க.

● சிறந்த வீரர்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா? (வேலூர் வாசகர்)

கல்லூரி ஃபுட்பாலில் 1998 முதல். ராயல்ஸ் அணியின் சொந்தப் பட்டியலில் 2024 முதல். தொழில்முறை ஃபுட்பாலில் இல்லை, 38 ஆட்டம் போதாது. பேஸ்பாலில் பெயர் பரிசீலனைக்கு வரவே பத்துப் பருவம் வேண்டும். அவருக்கு எட்டு.

● மகன் அமெரிக்காவில் போ ஜாக்சன் படம் அச்சான, சேகரிப்போர் வாங்கும் அட்டை ஒன்றை வாங்கப் போகிறானாம். ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? (கோவை வாசகர்)

தோளில் ஃபுட்பால் கவசமும் குறுக்கே பேஸ்பால் மட்டையும் வைத்த கறுப்பு வெள்ளைப் படம் என்றால், அது 1990 ஸ்கோர் கம்பெனி அட்டை, எண் 697. பார்க்க அழகு, ஆனால் அரிதல்ல. அந்த ஆண்டுகளில் அட்டைகளை மலைமலையாக அச்சிட்டார்கள். நல்ல நிலையில் இருப்பதே சில டாலருக்குக் கிடைக்கும். ஓரத்தில் மரப்பலகை போல அச்சான 1987 டாப்ஸ் கம்பெனி அட்டை, எண் 170-ம் அப்படித்தான். முதல் அட்டை வேண்டுமென்றால் 1986 டாப்ஸ் டிரேடட், எண் 50டி.

விலையைத் தீர்மானிப்பது நான்கு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பது. தரநிர்ணய நிறுவனம் பத்துக்குப் பத்து போட்டு உறையிட்ட அட்டைக்கும் கையில் கிடைக்கும் அட்டைக்கும் விலை ஏணி வைத்தாலும் எட்டாது. மறுபதிப்பா என்று சந்தேகம் வந்தால் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து பெரும்பாலும் கோடு பிசகாமல் திண்மையாக இருக்கும். அட்டையை நகலெடுத்து அச்சிட்டதில் எழுத்தும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். கையெழுத்திட்டது என்று சொல்லி விற்றால், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.